ஜூன் மாதத்துப் பனிக்காலம்

வடக்கே, கிரீ பழங்குடி மக்களின் ஏரிக்கரை ஊரில், ஆர்லீன் பிள்ளைகளுக்காக ஒரு படப் புத்தகம் எழுதினாள். அவள் வீட்டார் தலைமுறையாகக் கண்ணி வைக்கும் காடும், அங்கே நிலம் முயலுக்கு வழிவிட்ட கதையும் அதில் இருந்தன. பண்பாட்டு மேம்பாட்டுத் துறை மனமுவந்து அச்சிட்டது. வெளியீடு ஜூனில் என்றும், ஆசிரியரே வாசித்த பிறகுதான் பிரதிகள் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் என்றும் ஆணையிட்டது.

ஆர்லீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தரையில் பனி கிடக்கும்போது மட்டுமே சொல்லும் கதை அது. கோடையில் யாராவது ஒரு வரி முணுமுணுத்தாலே அவள் பெரியப்பா எழுந்து போய்விடுவார்.

“நவம்பர் வரைக்கும் பொறுங்க சார்” என்றாள்.

துறை இயக்குநர் கார்ட்ரைட், கிரீ மக்கள் தைக்கும் மணி கோத்த மான்தோல் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் அதிகாரிகளெல்லாம் அதைத்தான் போட்டார்கள்.

“உங்க மரபு எங்களுக்கு உயிரும்மா. பனிதானே பிரச்சினை?”

விழா நாளன்று அவ்வூரில் பனிக்காலம் நிலவுவதாகக் கருதப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. நகரத்துச் சறுக்கு மைதானத்தில் சுரண்டிய பனி லாரியில் வந்து சேர்ந்தது, பாதி தண்ணீராக. பனிக்காலம் என்றால் பள்ளியில் ஹீட்டர் ஓட வேண்டுமே, ஓடியது. துறை முத்திரை போட்ட கோட்டு இலவசம் என்றதும் ஊரே வரிசையில் நின்று மாட்டிக்கொண்டு வேர்த்து வழிந்தது. கொசுக்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகள் புத்தகப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லீன் வாசித்தாள். வெட்கமாக இருந்தது. நிஜப் பனி விழட்டும், இதே பள்ளிக்கூடத்தில் முறையாகச் சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நவம்பரில் முழங்கால் அளவு பனி. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. துறையிடம் ஹீட்டருக்கு எண்ணெய் கேட்டால், இவ்வாண்டுப் பனிக்காலத்துக்கு உரியது ஜூனிலேயே வழங்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஆர்லீன் நேரே இயக்குநரிடம் போனாள்.

“அதெல்லாம் ஒரு பனிக்காலமா சார்? மனசாட்சியோட சொல்லுங்க.”

“பனி இல்லாம இந்தக் கதையைச் சொல்லவே மாட்டோம்னது யாரும்மா?”

“நாங்கதான்.”

“ஜூன்ல சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன்.”

“அப்ப பனிக்காலம் வந்துட்டுப் போயாச்சு. இல்லேன்னு நான் சொன்னா உங்க மரபையே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். அந்தப் பாவத்தைத் துறை ஒருநாளும் செய்யாது.”

ஆர்லீன், போட்டிருந்த துறைக் கோட்டைக் கழற்றி வாசலிலிருந்தே அவர் மேசைமேல் வீசிவிட்டுத்தான் போவது என்று எழுந்தாள். கதவைத் திறந்ததும் காற்று எலும்பைத் துளைத்தது. கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.