நூற்றுப்பத்தார் மெத்தையோடு பொருத படலம்

நூற்றுப்பத்துக் கிலோ உடற்பாரத்தால் எண்ணற்ற மெத்தைகளை அழுத்தி ஆண்டவரும், "இவரையே தாங்குது, உங்களைத் தாங்காதா?" என்று முதலாளி விரல் நீட்டும் போதெல்லாம் விழுந்து படுத்து வெற்றி ஈட்டியவரும், பகைவர் எவரும் தொடத் துணியாத தம் தொந்தியைத் தாமே தொலைக்க எழுந்தவருமான மெத்தைக் கடை விற்பனையாளர் நூற்றுப்பத்தாரின் புகழைப் பாடப் புகுந்தோம், நாவே, நீயாவது தூங்காதிரு.

வாரந்தோறும் வயிற்றில் இறங்கும் மெலிவூசியின் அருளால் மூன்றே திங்களில் பதினாறு கிலோவைப் புறமுதுகிட்டு ஓடச் செய்தார் அவர். ஓடிய படையோ போகிற போக்கில் அசதி என்னும் கொடும்பகையை உள்ளே விட்டுப் போயிற்று. படுத்துக் காட்டிய இடத்திலேயே இருமுறை உறங்கியும் போனார். "இன்னொரு தடவை தூங்கினே, கிடங்குல போய் சரக்கு தூக்கு" என்று முதலாளி ஆணை பிறந்தது. கிடங்கோ மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்கே முறையிடும் முழங்கால்களைக் காக்கத்தானே ஐயா இந்த ஊசியே.

ஒரு நாள் காலை, ஊசி தரும் கிளினிக்கின் நர்ஸ் போனில் வினவினார்: "இளைப்பு இருக்கா சார்?"

"நல்லாவே இருக்கு சிஸ்டர். பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது."

"அந்த இளைப்பு இல்ல சார். அசதியா இருக்கான்னு கேட்டேன். பசிக்கலைன்னாலும் நேரத்துக்குச் சாப்பிடணும், தண்ணி குடிக்கணும்."

மெலிந்தவனுக்கும் களைத்தவனுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன முன்னோரை என்னென்பது. உண்மையைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சிய வீரர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார். மனைவி கட்டிக் கொடுத்த டப்பாவையும் பசியில்லை என்று திறவாமலே நண்பகலைக் கடந்தார். வெறும் வயிற்றோடு போருக்குப் போனால் வேறென்ன நடக்கும்.

மூன்று மணிக்கு மருமகளோடு வந்தார் கனத்த மேனி மாமியார் ஒருவர். "என் எடைக்குத் தாங்குமா?" என்ற வினா எழுந்தது, முதலாளி விரல் நீண்டது, நூற்றுப்பத்தார் சாய்ந்தார்.

"அஞ்சு நிமிஷம் படுப்பா. பள்ளம் விழுதான்னு பாக்கணும்" என்றார் மாமியார்.

முதல் நிமிடத்தில் மின்விசிறிகளை எண்ணியும், இரண்டாம் நிமிடத்தில் தம் தொடையைத் தாமே கிள்ளியும், மூன்றாம் நிமிடத்தில் நாக்கைக் கடித்தும், நான்காம் நிமிடத்தில் பத்தாண்டு உத்தரவாதத்தின் விதிகளை மனத்துள் ஓதியும், இமை என்னும் இரு கதவுகளை ஈரெட்டுக் கைகள் இழுத்தாற்போல் இழுத்துப் பிடித்தும் பொருத அப்பெருமகன், ஐந்தாம் நிமிடத்தின் வாசலில், பஞ்சுப் பகைவனின் மார்பிலேயே முகம் புதைத்து, கடையதிரக் குறட்டை முழக்கி வீழ்ந்தார்.

மாமியார் குனிந்து பார்த்தார். "பள்ளம் விழல. ஆனா இந்தத் தம்பியாலேயே எழுந்திருக்க முடியலையே. இடுப்பு வலிக்காரி நான் எப்படி எழுந்திருப்பேன்? வேற கடை பாப்போம் வாம்மா."

முதலாளி உலுக்கி எழுப்பினார். "என்னய்யா ஆச்சு உனக்கு?"

மூன்று மாதம் மறைத்ததை, அரைத்தூக்கத்தில், நர்ஸ் சொன்ன சொல்லாலேயே வீரர் ஒப்புக்கொண்டார்: "இளைப்பு முதலாளி."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதான் பார்த்தாலே தெரியுதே. இனி உன்னைப் படுக்கவெச்சு நான் யாரை நம்ப வைக்கிறது? மேல போ."

அவ்வண்ணமே, மெத்தைகள் பல வென்ற மாவீரர், மருந்தால் மெலிந்தும் மருந்தால் தளர்ந்தும், கைப்பிடிச் சுவரே துணையாகக் கிடங்கெனும் மலை நோக்கிப் படையெடுத்தார்.

பத்தாவது படியில் உட்கார்ந்து, கிளினிக்குக்குப் போன் போட்டு, ரொம்ப அசதியாக இருக்கிறது என்று சொன்னார்.