நாலாம் நிலைக்காரர்

கேட்ட கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் இனம் ஒன்று உண்டு. அதில் அரிய பிரிவு, நாலாம் நிலைக்காரர். திடம், திரவம், வாயு என்று நாம் பள்ளிக்கூடத்தில் மூன்றோடு நிறுத்திக்கொண்டது அவருக்குத் தீராத மனக்குறை.

உங்கள் வீட்டு டியூப்லைட் மினுக்குகிறதா? தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஸ்டூலில் ஏறி, குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வாயுவை மின்சாரம் உசுப்பிவிட்டால் பிளாஸ்மா, அதுவே நாலாம் நிலை என்று தொடங்கி, பிஸ்கட் பாக்கெட்டில் மை ஒட்டுவதும் அதனால்தான், செல்போன் சிப்பில் கோடு செதுக்குவதும் அதுதான், இரும்புத் தகட்டை அறுப்பதும் அதேதான் என்று அடுக்கி, "சூரியனும் பிளாஸ்மாதான், ஆனா இதுக்காக அங்க வரைக்கும் போவானேன்?" என்று முடிப்பார். விளக்கம் கிடைத்துவிடும். விளக்கு எரியாது.

போன மாதம் அவருடைய மாமனாருக்குக் காலில் புண். சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. குளிர் பிளாஸ்மாவைப் பாய்ச்சிப் பார்ப்போம், தள்ளிப்போட்டால் கட்டைவிரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நம்மவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் இருபது பேர் காத்திருந்தோம். "சுடாதா?" என்று ஓர் அம்மா கேட்டதுதான் தாமதம், மாமனாரின் சக்கர நாற்காலியைத் தள்ள வேண்டிய கை சுவரில் அணு வரையத் தொடங்கிவிட்டது.

"பதினாலு!" என்றார் நர்ஸ்.

"மாப்பிள்ளை, நம்ம நம்பர்."

"ஒரு நிமிஷம் மாமா. இப்பதான் எலக்ட்ரான் வெளிய வருது."

மூன்று முறை கூப்பிட்டார்கள். அதற்குள் வராத சீட்டு கடைசிக்குப் போய்விடும். பதினைந்து நான்தான், எலக்ட்ரானைப் பாதியில் விட்டு மனமில்லாமல் உள்ளே போனேன். அவர்கள் முறை திரும்ப வருவதற்குள், ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிவிட்டார். அவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வைத்தியத்துக்கு ஆவது மூன்று நிமிடம். விளக்கம் நாற்பது.

"எனக்கு எல்லாம் புரிஞ்சுது மாப்பிள்ளை. விரலுக்குத்தான் புரியல" என்றார் மாமனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூப்பிட்டது எங்கள் இருபது பேர் காதிலும் விழுந்தது. நாற்காலியைத் தள்ளிவிட ஒருவரும் எழவில்லை.

சிரிக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். விரல் என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தீர்களா, சுடாமல் அது எப்படிப் புண்ணை ஆற்றும் என்று கேட்கவா? இரண்டாவது என்றால், பக்கத்தில் யாராவது உங்களை வெகுநேரமாகக் கூப்பிடுகிறார்களா என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.