ஒரு சைஸ் பெரிய இறக்கை

எங்கள் வீட்டில் யாருக்கும் எதையும் அளவாகத் தைத்ததே கிடையாது. "வளர்ற உடம்பு" என்று சொல்லி அம்மா தைத்துப்போட்ட சட்டைகளுக்குள் நான் கல்லூரி முடிக்கும்வரை வளர்ந்துகொண்டே இருந்தேன். (சிலவற்றில் இன்னும் இடம் பாக்கி.) அந்தப் பழக்கம் சட்டையோடு நின்றிருந்தால் எனக்கு ஆகாயத்தில் மானம் போயிருக்காது.

தொண்ணூறுகளில் மைசூர் ஹெப்பாளில், ஒரு தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் வேலை. கூட வேலை பார்த்த கன்னடக்கார நண்பன் மஞ்சுவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேங் கிளைடர் பழகினோம். அலுமினியக் குழாயில் முக்கோணமாகத் துணி கட்டி, அதனடியில் தொங்கிக்கொண்டு குன்றிலிருந்து ஓடிக் கிளம்புகிற சமாச்சாரம். கற்றுக்குட்டிகளுக்கான இரவல் கிளைடரில் நாலைந்து தடவை உயிரோடு இறங்கியதுமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அடுத்த நிலைக்கான கிளைடரை நானே வடிவமைப்பதாக அறிவித்தேன்.

இறக்கை இன்னும் நீளம், துணி இன்னும் விறைப்பு, வேகமும் கூடுதல். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டேன். கடைசியில் மிஞ்சியது இறக்கையின் பரப்பு. அது ஓட்டுகிறவர் எடையைப் பொறுத்தது. கனத்த ஆளுக்குச் சின்ன இறக்கை என்றால் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். நோஞ்சானுக்குப் பெரிய இறக்கை என்றால் சொன்ன பேச்சே கேட்காது. நான் நோஞ்சான்.

வரைபடத்தைக் கூடத்தில் விரித்திருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

"எதுக்குக் கண்ணு இத்தனை புடிச்சாப்புல தைக்கிற? கண்ணாலம் ஆனா உடம்பு வைக்குமல்லோ. ஒரு சைஸ் பெருசாவே தையி."

இன்ஜினியரிங் படித்த எனக்கு அது நியாயமாகப் பட்டது. (கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். மூளை வேறெங்கோ இருந்தது.)

பெண் சுமதி, கொள்ளேகால் பக்கம். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பாதான், "யோசிச்சுச் சொல்றமுங்க" என்று இழுத்தார். அவரை எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்று, நான் பறப்பதைப் பார்க்கக் குடும்பத்தோடு வரச் சொன்னேன். விதி என்பது வெளியிலிருந்தா வருகிறது?

அன்று நல்ல எதிர்காற்று. ஓடினேன், மூன்றாவது எட்டிலேயே காலுக்கடியில் தரை இல்லை. ஆனால் பறக்கவும் இல்லை. ஓர் ஆள் உயரத்தில், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தேன். வேகமெடுக்க, கையில் பிடித்திருந்த குறுக்குக் கம்பியை நெஞ்சோடு இழுத்தேன். என் எடையை இறக்கை சட்டையே செய்யவில்லை.

"கெளகே பாரோ!" கீழே வாடா என்று மஞ்சு கன்னடத்தில் கத்தினான். என்னவோ இறங்க மனசில்லாமல் நான் மேலே நிற்கிற மாதிரி!

சுமதியின் அப்பா நேராக என் அடியில் வந்து நின்று அண்ணாந்தார். "ஏனுங் தம்பி, இது இப்படித்தானுங்களா?"

"காத்து கொஞ்சம்..." என்றேன் ஆகாயத்திலிருந்து. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அதற்குள் காற்று இன்னும் ஏற, இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பார்த்தார் மனிதர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எம்பி, என் இரண்டு கால்களையும் கெட்டியாகப் பிடித்துத் தொங்கினார். நல்ல கனமான உடம்பு. கிளைடர் பரம சாதுவாகத் தரைக்கு வந்தது.

"இப்ப எடை பத்துமுங்களா?" என்றார் மூச்சு வாங்க. சுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். பையனுக்குக் கட்டாயம் ஒரு துணை வேண்டும் என்று பட்டதாம்.

கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குப் பாதம் கழுவும் நேரம். மாமனார் தாம்பாளத்தில் என் கால்களை வைத்ததும், அன்று போலவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க!" என்றார். மண்டபமே சிரித்தது. ஐயரும்தான்.

அம்மா சொன்னபடி உடம்பு வைத்துவிட்டது. அந்த இறக்கை இப்போது எனக்குக் கச்சிதமாக இருக்கும். இருந்தும் என்ன? காற்றடிக்கிற நாளில் நான் மொட்டை மாடிக்குப் போனால், கீழேயிருந்து சுமதி குரல் கொடுக்கிறாள்:

"ஏனுங்க, அப்பாவை வரச் சொல்லட்டுங்களா?"