பத்தாயிரமாவது ஆண்டு நினைவஞ்சலி

குருநகர்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு, குருநகர்க் கடற்றொழிலாளி அடைக்கலநாதன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் சுகமாக இல்லை. காரணம் உங்கள் ஏழாம் பக்கம்.

என் மகள் லவீனா டொக்டர் படிப்பைப் பாதியில் விட்டு, வானத்தைப் படிக்க ஜேர்மனிக்குப் போனவள். அந்தக் கோபத்தில் இரண்டு வருடமாக அவளோடு நான் கதைக்கவில்லை. போன கிழமை என் மனைவி அற்புதராணி ஓடிவந்து சொன்னாள், வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்துக்குள் அதன் நெஞ்சு மட்டும் இன்னும் செக்கனுக்குப் பதினொரு தரம் வெளிச்சவீடு மாதிரிச் சுற்றிக் காமாக் கதிர் வீசுகிறதாம், அதை முதலில் கண்டது எங்கள் பிள்ளையாம். ஐயா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! செத்துப் பத்தாயிரம் வருடமாகியும் அடங்காத வீரியம்! ஆனாலும் போன் எடுத்துப் பேச வீம்பு விடவில்லை. வாழ்த்து விளம்பரம் போட்டால் இணையத்தில் பார்ப்பாள் என்று உங்கள் விளம்பரப் பகுதிக்குப் போன் எடுத்து, செத்த நட்சத்திரத்தில் தொடங்கினேன். அங்கிருந்த அம்மணி இடைமறித்தார்.

"செத்தது ஆர் அண்ணை?"

"நட்சத்திரம்."

"எப்ப?"

"பத்தாயிரம் வருசம் இருக்கும்."

"ஓம், அப்ப நினைவஞ்சலி. ஆரின்ரை பேரிலை போடுறது?"

"என்ரை மகள் லவீனா!"

"பாட்டு நாங்களே போடுவம்."

நானும் மகிழ்ச்சியில் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுவிட்டேன்.

இன்று ஏழாம் பக்கத்தைப் பார்த்தால் கறுப்புக் கட்டம், மெழுகுதிரிப் படம், "ஆண்டுகள் பத்தாயிரம் ஆனாலும் ஆறாது எம் துயரம்", கீழே "உன் நினைவால் வாடும் லவீனா". பக்கத்து வீட்டுத் தேவராசா வெள்ளைச் சேட்டோடு வந்து, "அண்ணை, பிள்ளை ஆரையோ விரும்பினவள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" என்று என் கையைப் பிடித்து அழுதார். பங்குச் சுவாமி ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கச் செத்தவரின் பெயர் கேட்கிறார். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியே வீட்டில் சீனி முடிந்துவிட்டது. சீனி போகட்டும் ஐயா. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சொல்லும் முதற் சொல் "ஆறாது எம் துயரம்" என்றால் அவள் என்ன நினைப்பாள்? இனி என்னோடு கதைப்பாளா? நாளைக்கே திருத்தம் போடவேண்டும், முதற் பக்கத்தில், கலரில்!

உங்கள் வீட்டார் அனைவருக்கும் தேவ ஆசீர் நிறையட்டும், அந்த அம்மணிக்கும் கொஞ்சம்.

கொதிப்போடும் மரியாதையோடும்,
ம. அடைக்கலநாதன்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகையில் லவீனாவே போன் எடுத்தாள். உங்கள் விளம்பரத்தை ஆய்வுகூடக் கதவில் ஒட்டியிருக்கிறாளாம். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். "அப்பா, கோவம் போயிட்டுதோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்றேன். ஆகவே திருத்தம் வேண்டாம். வருகிற வருடம் பத்தாயிரத்து ஓராவது ஆண்டுக்கும் அதே இடத்தை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பாட்டு அப்படியே இருக்கட்டும்.