நடிக்கத் தெரியாத கெண்டைக்கால்

“இந்த ஸ்கேன்ல பொய் சொல்ல முடியாது சார்,” என்று ஸ்கேன் எடுக்கும் பெண் சொன்னதும், ரிடையரான ஹெட்கிளார்க் வாசல் பக்கம் பார்த்தார்.

அவருடைய கால்வலி மூன்று வருஷத்துக்கு முன், லிஃப்ட் பழுதான அன்று ஆரம்பித்தது. வீடு நாலாவது மாடி. நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது என்று சொல்லிப் பார்த்தார், பலித்தது. அன்றுமுதல் பால், காய்கறி, மருந்து எல்லாம் மனைவி தலையில். இவர் நாற்காலியில் சாய்ந்தபடி, அவள் வாங்கி வந்ததில் குறை கண்டுபிடிப்பார். கடைசியில் டாக்டர் இந்த ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“படுத்துக்கிட்டு இந்தப் பெடலை மிதிக்கணும். தசையில இருக்கிற சக்தி குறையும். நிறுத்தினதும் அது எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஊறுதுன்னு காந்தம் அளக்கும். ரத்தம் நல்லா ஓடுற கால்னா சட்டுனு ஊறிடும்,” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

“மூடின இடம்னா எனக்கு மூச்சு முட்டும்மா.”

“தலை வெளியதான் சார் இருக்கும்.”

“உடம்புல இரும்பு வேற இருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றாள் மனைவி. கட்டிக்கொண்டவளே காட்டிக்கொடுத்தாள்.

ஃபைல்களைத் திருப்பி அனுப்பியே பழகிய மூளை விழித்துக்கொண்டது. “ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கால் வேணாமா? இல்லேன்னா இன்னொரு நாள் வரோம்.”

“வேணும்தான். அம்மாவையே எடுத்துடலாம். நடந்தா கால் வலிக்குமாம்மா?”

மனைவி வாய் திறப்பதற்குள் இவரே பதில் சொன்னார். “அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. கடைக்கு அனுப்பினா வழியில ஒவ்வொரு கடை வாசல்லயும் நின்னு வேடிக்கை பார்த்துட்டு வருவா.”

மனைவியை எடுத்து முடித்ததும் இவரைப் படுக்க வைத்தார்கள். பெடலைப் பூனையைத் தடவுவதுபோல் தடவினார். “பலமா மிதிங்க சார்,” என்று ஸ்பீக்கர் அதட்டியது. மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். எரிச்சலில் தன்னை மறந்து ஓங்கி ஓங்கி மிதித்துத் தொலைத்தார்.

டாக்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தார். “ரத்த ஓட்டம் ரொம்ப மோசம். நூறடி நடந்தா நின்னுதான் ஆகணும். சிகிச்சை முடியிற வரைக்கும் மாடி ஏறவே கூடாது.”

ஹெட்கிளார்க் பூரித்துப்போனார். காந்தத்தையே ஏமாற்றிய மகா நடிகர் அல்லவா. “கேட்டுக்கிட்டியா?” என்று மனைவியிடம் எகத்தாளமாகக் கேட்டார். “டாக்டர், அப்ப வீட்டு வேலை எல்லாம்?”

“கூட இருக்கிறவங்கதான் செய்யணும்.”

“அதை எழுத்துல குடுத்துடுங்க.”

டாக்டர் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஸ்கேன் எடுக்கும் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஹெட்கிளார்க் கம்பீரமாக அதில் உட்காரப் போனார்.

“கொஞ்சம் தள்ளிக்கிங்க சார், அம்மா உட்காரட்டும். அது அவங்க ரிப்போர்ட்.”