ஏலகிரியோடு முடிந்த இலங்கைப் பயணம்

"எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்கிறவனோடு தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான். என்னை நம்பிக் கிளம்பியவள் என் மனைவி சுகந்தி.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்கு க்வாலிட்டி செக்கிங் வேலை. தோலைத் தடவிப் பார்த்துக் குறை சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். (வீட்டில் அதையே இலவசமாகச் செய்வேன்.) சுகந்தி வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறாள். மலை, பள்ளத்தாக்கு, அருவி என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள், அதில் பாதியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

இலங்கைக்குப் போகலாம் என்பது அவள் யோசனை. கண்டியில் மோட்டார் பைக்கை வாடகைக்கு எடுக்க வேண்டியது. பெரிய ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்ன ரோடுகளில் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று சுற்ற வேண்டியது. எந்த வளைவில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே தெரியும், எந்த ஊரில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்கலாம் என்பது வரை போனில் தேடி வைத்திருந்தாள். குழம்பு தாளிக்கும்போதுகூட அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பாள். காலாண்டு விடுமுறை வாரம்தான் எங்களுக்குத் தோது. கோடையில் எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கும், லீவு கேட்டால் முறைப்பார்கள்.

வழி அவள் பார்த்தாள். மற்றதெல்லாம் என் பொறுப்பு என்று நானே அறிவித்துக்கொண்டேன். அங்கேதான் கெட்டது.

மலையில் குளிருமாம். எனக்கும் சுகந்திக்கும் லெதர் ஜாக்கெட் வேண்டும் என்று முடிவு செய்தேன். கம்பெனியில் ஒயின் கலரில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆகிக் கிடந்தது. ஈரமான வெள்ளைத் துணியை வைத்துத் தோலைத் தேய்ப்போம்; துணியில் சாயம் ஏறினால் அந்தத் தோல் தேறாது. அந்த லாட்டில் துணி ரத்தமாகிவிட்டது. ரிஜெக்ட் செய்தது யார்? நான்தான். என் கையெழுத்துதான். அதே தோலைக் கம்மி விலையில் வாங்கி, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் என் தோஸ்த் ஜாவித்திடம் கொண்டுபோனேன். அவனும் எங்களோடு இலங்கைக்கு வருவதாக இருந்தான்.

அவன் தோலை விரித்துப் பார்த்தான்.

"சேகரு, இது தண்ணி பட்டா சாயம் வுடும்பா."

"அது வெள்ளைக்காரனுக்கு. நமக்கு ஓகே."

"உள் பாக்கெட்டுக்காவது ரெக்சின் வெக்கட்டா?"

"லெதர் ஜாக்கெட்ல ரெக்சினா? மீந்த துண்டையே வெச்சுத் தை. எனக்கே தோலு சொல்லித் தர்றியா?"

"உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியாது, பேஜார்பா" என்று மிஷினில் உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆர்டரை ஓட்டும் முன்னால் சின்னதாக ஒரு ட்ரயல் ஓட்டுவோம். ஆர்டரில் என்ன தோல், என்ன நூல், என்ன பசையோ, ட்ரயலிலும் அதுவேதான் போக வேண்டும். மாற்றுப் பொருள் வைத்தால் அது ட்ரயலே இல்லை. இலங்கைப் பயணத்துக்கும் ட்ரயல் போட்டேன். விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஏலகிரி வரை. அதே ஜாக்கெட், அதே பை, அதே ஷூ. உள் பாக்கெட்டில் அதே பாஸ்போர்ட்.

"ஏங்க, ஏலகிரியில பாஸ்போர்ட்ட யாரு கேக்கப் போறாங்க?" என்றாள் சுகந்தி.

"அன்னிக்கு எது எங்க இருக்குமோ இன்னிக்கும் அது அங்கதான் இருக்கணும்."

"அதுக்குப் பதிலா ஒரு பழைய டைரிய வெச்சிக்கிட்டா?"

"நீ பூகோளத்தப் பாரு. இத நான் பாத்துக்கறேன்."

நான் கோபித்துக்கொண்டால் நாள் கெட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டாள்.

ஆம்பூரில் ஜாவித் அவன் வண்டியில் சேர்ந்துகொண்டான். மலை ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்தது. சுகந்தி என் தோளைத் தட்டினாள். "ஓரமா நிறுத்துங்க, ஜாஸ்தியாவுது."

"அங்கயும் மழை பெய்யும். ட்ரயல்ன்னா ட்ரயல்" என்று முறுக்கினேன்.

மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது கடைக்கார அம்மா எங்களைப் பார்த்து வீல் என்று கத்தினார். "ஐயய்யோ, யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்களேன்!" குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையிலிருந்தும் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சுகந்தி கழுத்து, கை, காலடித் தரை எல்லாம் சிவப்பு. ஒருவர் என்னைப் பிடித்துப் பெஞ்சில் படுக்க வைக்கப் பார்த்தார். (நான் அவரைத் திட்டினேன். உதவி செய்ய வந்தவரைத் திட்டிய ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன்.)

"ஒண்ணும் இல்லமா, சாயம்தான்" என்று ஜாவித் அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தினான்.

சுகந்தி அதைக் கேட்கவில்லை. உள் பாக்கெட்டில் கைவிட்டாள். தையல் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் பாக்கெட்டில் சிவப்பாகத் தேங்கியிருந்தது. பாஸ்போர்ட் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, போட்டோவில் அவள் முகமே தெரியவில்லை. என்னுடையதும் அப்படித்தான். ஜாவித் அவனுடையதைப் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்தான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். ஜாவித்தின் தையலை, மழையை, அந்தச் சாயம் செய்த கெமிக்கல்காரனை, எல்லோரையும் திட்டினேன். சுகந்தி அந்த நேரம் முழுக்கப் பக்கத்துக்குப் பக்கம் துணி வைத்து, அவள் பாஸ்போர்ட்டுக்கு மெதுவாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட வேண்டும் போலிருக்கிறது.

பாஸ்போர்ட் ஆபீசில் கவுன்ட்டரில் இருந்தவர் அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, "ரத்தமா சார்?" என்றார். புதியது வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஜாவித் மட்டும் போயிருக்கலாம். "நீ இல்லாம நான் அங்க யாராண்ட சண்ட போடறது?" என்று அவனும் டிக்கெட்டை ரத்து செய்தான்.

அதற்கப்புறம் நானே இரண்டு தடவை, "இந்த வருஷம் போலாமா?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இப்போது குழம்பு தாளிக்கும்போது அவள் எந்த ஊர்ப் பெயரையும் சொல்வதில்லை.

ஜாவித் இந்தக் கதையை விடுவதாக இல்லை. கல்யாணம், காதுகுத்து, ரம்ஜான் பிரியாணி, எங்கே நாலு பேர் கூடினாலும் என் தோளில் கை போட்டு, "இவரு யாரு தெரியுமா? பாஸ்போர்ட்டோட ஏலகிரி போயி, ரத்தம் கக்கித் திரும்பி வந்தவரு" என்று ஆரம்பிப்பான். டீக்கடை அம்மா கத்தியதை நடித்தும் காட்டுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அவன் பாக்கெட்டைத் திறக்கும் இடத்துக்கு வரும்போது சுகந்தி எழுந்து, யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.