சாம்பிள் அண்ணனும் குறைந்த எட்டும்

வலங்கைமானில் அந்த நாளில் இருந்த எந்தக் கம்ப்யூட்டரும் சாம்பிள் அண்ணனுக்குத் தன் மெமரியைக் காட்டாமல் தப்பித்ததில்லை. அவரிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது என்பது வேறு விஷயம்.

ரைஸ் மில்லில் முப்பது வருஷம் நெல் மூட்டையில் ஊசியைக் குத்தி சாம்பிள் எடுத்தவர். மேலே நல்ல நெல்லும் அடியில் பதருமாகத் தைத்த மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து, மூடிக் கிடக்கும் எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓய்வு பெற்ற மறுமாதம் என் கடைக்கு வந்தார். நான் அப்போது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். டப்பாவைப் பிரிக்காமலே உள்ளே எவ்வளவு மெமரி இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று கேட்டார். மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் எத்தனை எம்.பி. என்று கடைசி வரியில் தெரியும் என்று காட்டினேன். என் வாழ்க்கையின் பெரிய தவறுகளில் அது ஒன்று.

அதற்குமேல் கம்ப்யூட்டரில் அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. டிராக்டர் ஷோரூமில் பார்த்தார். ஸ்கேன் சென்டரில், தன் வயிற்றைப் பார்க்க வந்த டாக்டரை நிற்க வைத்துவிட்டுப் பார்த்தார். குத்தாலத்தில் துக்கம் கேட்கப் போன வீட்டிலும் பார்த்துவிட்டு, இறந்தவரின் மூத்த மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "அறுவத்தி நாலுதான் இருக்கு" என்றாராம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு என்று மகன் திருத்தியிருக்கிறார்.

பங்குக் கோயில் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் செய்து கொடுத்தேன். அந்தப் பத்து நன்றாக ஓடினால் மற்ற பள்ளிகளும் வாங்கும், இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடித்ததும் சாம்பிள் அண்ணன் முதல் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். பத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

"நூத்தி இருவத்தெட்டுன்னு சொல்லியிருக்கு ஃபாதர். ஒவ்வொண்ணுலயும் எட்டு குறையுது."

நெல் விளையும் ஊரில் இதைவிடக் கெட்ட வாக்கியம் கிடையாது. அளவு குறைந்தால் திருட்டு, அவ்வளவுதான். ஃபாதர் என்னைப் பார்த்த பார்வையில் பாவமன்னிப்புக்கு இடமிருந்தது, பதில் சொல்ல இடமில்லை. மதியத்துக்குள் நான் எட்டை உருவிக்கொண்ட கதை பாபநாசம் தாண்டிவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று இரண்டு பள்ளிகளிலிருந்து போன் வந்தது.

மறுநாள் காலை ஆத்திரத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். திரையில் படம் காட்டும் பாகத்துக்குத் தனி மெமரி இல்லாத மெஷின் இது, பொதுவில் இருந்துதான் அது எட்டை எடுத்துக்கொள்ளும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டிவிட்டு, அந்த எட்டு எங்கே என்று கேட்டார். எனக்குச் சலித்துப்போய்விட்டது.

"அறுப்பு முடிஞ்சா களத்துலயே ஆளுங்களுக்குக் கூலி நெல்லு அளந்துட்டுதானண்ணே மிச்சம் வீட்டுக்கு வருது? அதைக் குறையுதுன்னு சொல்வீங்களா?"

இந்தத் தடவை அவர் தலையை ஆட்டவில்லை.

"களத்துக் கூலியா அது? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி?"

உடனே சைக்கிளை எடுத்தார். எங்கெல்லாம் சொன்னாரோ அங்கெல்லாம், வேகாத வெயிலில், போய்த் திருத்திச் சொன்னார். தயங்கிய இரண்டு பள்ளிகளில், கூலி கொடுக்காத மெஷினை வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் என்னிடமே வாங்கின. என்னிடம் மன்னிப்பு மட்டும் அவர் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஷார்ஜாவில் இருந்த அவர் மகன், முகம் பார்த்துப் பேச வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னான். என் கடைக்குத்தான் வந்தார். மெஷினை ஓடவிட்டு, நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவர் உட்காரவே இல்லை.

"பாக்கலயாண்ணே?"

"நீ செஞ்சதுதானே. வண்டியில ஏத்து."

அவர் பார்க்கப்போவதில்லை என்பதால், ஏற்றுவதற்கு முன் நானே மூன்று முறை பார்த்தேன்.